மில்லிபுட் வாங்கி ஒரு பிரெஞ்சு சொல்தா (சிப்பாய்) தலை செஞ்சேன், நாலு மாசம் ஆச்சு

மொதல்லயே சொல்லிடறேன், நான் சிற்பி கிற்பிலாம் கிடையாது. பாண்டிச்சேரில ஒரு ஆபீஸ்ல கணக்கு பாக்கறவன். ஒரு பத்து வருஷமா டேங்கு, பிளேன்னு பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டி பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேன், அப்புறம் இந்த பஸ்ட் பைத்தியம் புடிச்சிது. பஸ்ட்னா தலையும் தோளும் கொஞ்சம் மாரும், அவ்ளோதான், கை கால் இருக்காது. ரெசின்ல வார்த்தது வெளிநாட்லேந்து வரும், நல்லா இருக்கும், ஆனா வெலையோட கொரியர் காசு கஸ்டம்ஸ்லாம் சேத்துப் பாத்தா வீட்ல சொல்ல முடியாத தொகை வரும். சரி நாமளே ஒண்ணு செஞ்சா என்னன்னு எறங்கிட்டேன். எறங்குனதுல தெரிஞ்சிகிட்டதுதான் இந்த ரிவ்யூ. மெயினா மில்லிபுட் ஈபாக்ஸி புட்டி பத்தி, அது கூட யூஸ் பண்ண மத்ததுலாம் நடுநடுவுல வரும்.

மில்லிபுட் வேல்ஸ்ல தயாராவுது. பாக்கெட் 113 கிராம் சொச்சம், உள்ள சாக்பீஸ் மாதிரி, ஆனா அத விட தடியா ரெண்டு குச்சி, ரெண்டும் ரெண்டு கலர். ரெண்டுலயும் சம அளவு வெட்டி பெசஞ்சா கெட்டியாகற வேலை ஆரம்பிச்சிடும். ஸ்டாண்டர்டுன்னு போட்டு வர்றது மஞ்சளும் சாம்பலும் கலந்த மாதிரி ஒரு அழுக்கு கலர், அது போக சூப்பர்ஃபைன் ஒயிட், சில்வர் கிரே, பிளாக், டெரகோட்டான்னு இருக்கு. ஒயிட்டு மாவு மாதிரி நைஸா இருக்கும், வெலையும் கூட. மொத தடவ செய்யறவங்க அந்த அழுக்கு கலரையே வாங்குங்க. காசுக்காக சொல்லல, வெள்ளைல நெழலு தெரியாது, கன்னத்துல மேடு பள்ளம் எங்க இருக்குன்னு கண்ணு கண்டுபுடிக்கவே கஷ்டப்படும், அந்த அழுக்கு கலர்ல டேபிள் லைட்ட ஒரு பக்கமா வச்சா தப்பெல்லாம் பல்ல இளிச்சிட்டு நிக்கும். நான் வாங்கறப்ப 1,000 ரூபாய்க்கு கொஞ்சம் கீழ இருந்துச்சு.

லோக்கல்ல எதுவும் கெடைக்காதான்னு கேப்பீங்க. ஹார்டுவேர் கடைல போய் புட்டின்னு கேட்டேன், எத்தன மூட்டைன்னு கேட்டாரு, செவுத்துக்கு அடிக்கிற பட்டிய நெனச்சிட்டாரு. அப்புறம் எம்-சீல் இருக்கே, நம்ம வீட்டு டேங்க்கு பைப்புக்கெல்லாம் வைக்கறது, அதுவும் ஈபாக்ஸிதான், ஆனா அது ஒழுகற எடத்த டக்குனு அடைக்கறதுக்காக செஞ்சது, அதுங்கிட்ட போய் கண் இமை செஞ்சி குடுன்னு கேக்கறது நியாயம் கெடையாது. உள்கூடு கட்ட, அடிப்பீடம் கெட்டிப்படுத்த நான் அதத்தான் இப்பவும் யூஸ் பண்றேன். சூப்பர் ஸ்கல்பி வேற ரகம், அது பாலிமர் க்ளே, அவன்ல 130 டிகிரில வைக்கற வரைக்கும் கெட்டியாவாது, அதனால எத்தன நாள் வேணாலும் நோண்டிட்டு இருக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும். என்னைய மாதிரி ஆளுக்கு அது ஆபத்து, மூக்க சரி பண்றேன்னு கைய வச்சா நேத்து செஞ்ச காது நசுங்கிடும், காத சரி பண்ணா மறுபடி மூக்கு. ஈபாக்ஸில அந்த பிரச்சன இல்ல, ராத்திரி செஞ்ச மூக்கு காலைல கல்லு, அதுக்கு மேல காது வேலைய தைரியமா பாக்கலாம்.

இந்த புட்டியோட முக்கியமான விஷயமே இந்த டைம் கணக்குதான். பெசஞ்ச ஒடனே கைல, டூல்லன்னு எல்லாத்துலயும் ஒட்டும், அந்த நேரத்துல நுணுக்க வேல பாத்தா அழுகைதான் வரும். அப்ப சும்மா உருண்டைய வச்சி அமுக்கி மொத்த ஷேப்ப மட்டும் புடிக்கணும். ஒரு முக்கா மணி நேரம் கழிச்சி கொழுக்கட்ட மாவு பதத்துக்கு வரும், அதுதான் மொகத்துக்கான நேரம். அதுக்கும் மேல ஒரு மணி நேரம் போனா தோல் மாதிரி ஆவும், அப்ப ஊசியால கோடு போட்டா கோடு கோடாவே நிக்கும், முடி, தையல், சுருக்கம்லாம் அப்பத்தான். மூணு நாலு மணி நேரத்துல கெட்டியாயிடும்னு சொல்வாங்க, அது அவங்க ஊர் குளிருக்கு சொன்ன கணக்கு, மே மாசம் பாண்டிச்சேரில ஃபேனுக்கு கீழ ஒக்காந்து செஞ்சா எல்லாமே சீக்கிரம் ஓடும். கொஞ்சம் கொஞ்சமா, சுண்டக்கா அளவு பெசையறதுதான் நல்லது, நான் மொத நாள் எலுமிச்ச பழம் சைஸுக்கு பெசஞ்சி பாதிய குப்பைல போட்டேன். பெசையறதயும் அஞ்சு நிமிஷம் பொறுமையா பெசையணும், ரெண்டு கலரும் கோடு கோடா தெரியற வரைக்கும் அது கலந்ததா அர்த்தம் இல்ல, அப்படி விட்டா ஒரு எடம் கல்லாவும் இன்னொரு எடம் நாலு நாள் ஆனாலும் பிசுபிசுன்னே இருக்கும். கையில க்ளவுஸ் போட்டுக்கோங்க, ஈபாக்ஸி காயறதுக்கு முன்னாடி தோலுக்கு ஆகாது, சில பேருக்கு அலர்ஜி வந்தா அப்புறம் எப்பவுமே தொட முடியாம போயிடும். காஞ்சத தேய்க்கறப்ப தண்ணி போட்டு உப்பு காகிதத்தால தேய்ங்க, அந்த தூள மூச்சுல இழுக்கக்கூடாது.

யார செய்யறதுன்னு ரொம்ப யோசிக்கல. எங்க ஊர்ல சொல்தான்னா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க, அவங்க பென்ஷன், அவங்க வீடுன்னு சின்ன வயசுலேந்து கேட்டு வளந்தது. பீச் ரோட்ல அந்த போர் நினைவுச் சின்னம் இருக்கே, 1914-1918ல செத்த பிரெஞ்சு இந்தியா ஆளுங்களுக்கு கட்டுனது, ஜூலை 14 வந்தா லைட்டு போட்டு ஜொலிக்கும், அத தாண்டித்தான் தெனமும் வாக்கிங் போறேன். அதனால மொதல் உலகப்போர் பிரெஞ்சு காலாட்படை ஆள், 1916, வெர்டன் சமயம்னு முடிவு பண்ணிட்டேன். அவங்கள ப்வாலுன்னு கூப்புடுவாங்க, அர்த்தம் முடி மண்டுனவன், அதாவது பதுங்கு குழில ஷேவ் பண்ணாம கெடந்தவன். வெர்டன் சண்ட பிப்ரவரி 21 ஆரம்பிச்சி டிசம்பர் வரைக்கும் ஓடுச்சி, பெத்தேன்ற பிரெஞ்சு ஜெனரல் படைங்கள மாத்தி மாத்தி அனுப்பிட்டே இருந்ததுல பிரெஞ்சு ராணுவத்துல முக்காவாசி பிரிவு அந்த எடத்த மிதிச்சிட்டு வந்துச்சு. அந்த காலத்து போட்டோல திரும்பி வர்றவங்க மொகத்த பாத்தா தூக்கம்ன்றதே மறந்த மாதிரி இருக்கும். எனக்கு அந்த மொகம்தான் வேணும்.

அளவு 1/10. நெஜ தலை மோவாலேந்து உச்சி வரைக்கும் 23 சென்டிமீட்டர்னா இங்க 23 மில்லிமீட்டர், பெருவிரல் மேல் கணுவ விட கொஞ்சம் கொறைவு. தடி அலுமினிய கம்பி ஒண்ண கட்டைல நட்டு, உச்சில சமையக்கட்டு ஃபாயில உருட்டி அழுத்தி மாட்டுனேன், ஃபாயில் உருண்ட தலைய விட சின்னதா இருக்கணும், அப்பத்தான் புட்டிக்கு எடம் கெடைக்கும், புட்டியும் மிச்சம் ஆவும். முதல்ல மொட்ட மண்ட, வெறும் மண்டையோடு மாதிரி, கண் குழியோட. எல்லாரும் பண்ற தப்ப நானும் பண்ணேன், கண்ண ரொம்ப மேல வச்சிட்டேன். நம்ம மூளைக்கு மொகம்னா கண்ணும் வாயும்தான் ஞாபகம் வரும், நெத்தி மறந்து போயிடும், ஆனா கண்ணு சரியா தலையோட பாதி ஒசரத்துல இருக்கு, நம்பலன்னா கண்ணாடி முன்னாடி ஸ்கேல் வச்சி பாருங்க. முன்னாடிலேந்து பாத்தா தல அகலம் அஞ்சு கண்ணு அகலம். காது புருவத்துலேந்து மூக்கு அடி வரைக்கும், அதுவும் பக்கவாட்டுல பாத்தா பாதிக்கு பின்னாடி. மொத தலைய தூக்கி போட்டேன், ரெண்டாவதும் போச்சு, மூணாவது நின்னுச்சு. போட்ட ரெண்டயும் இன்னும் வச்சிருக்கேன், ஒண்ணு அச்சு அசல் எங்க மாமா மாதிரியே இருக்கு.

டூல்ஸுக்குன்னு தனியா பெருசா செலவு பண்ண தேவையில்ல. பல் டாக்டர் படிக்கற பசங்க வாங்கற வாக்ஸ் கார்விங் செட் டென்டல் சப்ளை கடைல கெடைக்கும், அதுல லெக்ரான்னு ஒண்ணு, ஒரு பக்கம் கத்தி ஒரு பக்கம் குட்டி கரண்டி, பாதி மொகம் அதுலயே முடிஞ்சிது. அது கூட சிலிக்கான் முனை வச்ச பிரஷ் மாதிரி ஒண்ணு, அது மட்டும் ஆன்லைன். மீதி தையல் ஊசி, பல் குத்தற குச்சி, பழைய பிளேடு.

இப்ப கண்ணு. மில்லிபுட்ல எனக்கு ரொம்ப புடிச்ச வேலையும் இதான், ரொம்ப அடி வாங்குனதும் இதான். ரெண்டு குட்டி உருண்ட, கடுகு சைஸ விட கொஞ்சம் பெருசு, கண் குழில வச்சி ராத்திரி பூரா காய விட்டுடணும். மறுநாள் இடியாப்பத்த விட மெல்லிசா ஒரு நூலு உருட்டி, அந்த உருண்ட மேல வளைச்சி வச்சி, மேல் ஓரத்த மட்டும் சிலிக்கான் முனையால புருவத்து பக்கமா இழுத்து கரைக்கணும், கீழ் ஓரத்த தொடவே கூடாது. அப்படி விட்டா அந்த ஓரமே இமையோட தடிமனா நிக்கும். உள்ள உருண்ட கல்லா இருக்கறதால எவ்ளோ அமுக்குனாலும் கண்ணு நசுங்காது, இத பாலிமர் க்ளேல பண்ணணும்னா அவன்ல வச்சி எடுத்து திரும்ப வைக்கணும். டூல் முனைய தண்ணில தொட்டு தொட்டு தடவுனா வழவழன்னு வரும், ஆனா தண்ணி அதிகமானா மேல பால் மாதிரி ஒரு சேறு உண்டாவும், அது காஞ்சா பொடிப்பொடியா உதிரும்.

எடது கண்ணு ஒரு நாள் சாயந்தரம் செஞ்சேன், பிரமாதமா வந்துச்சு. அடுத்த நாள் வலது கண்ணு, செஞ்சி முடிச்சப்ப மத்தியானம், சாயந்தரமே அடுத்த வேலைய ஆரம்பிச்சிடலாம்னு அவசரப்பட்டு மொட்டமாடி வெயில்ல கொண்டு போய் வச்சேன். சூட்டுல சீக்கிரம் காயும்தான், ஆனா காயறதுக்கு முன்னாடி ஈபாக்ஸி மொதல்ல எளகும், அத நான் யோசிக்கல. கீழ எடுத்துட்டு வந்து பாத்தா மேல் இமை தொங்கி கண்ணு பாதி மூடுன மாதிரி ஆயிடுச்சு. கல்லாவும் ஆயிடுச்சு. புட்டி மேல தப்பு சொல்ல முடியாது, நான் புடிச்ச அவசரம். நோண்டி எடுக்க மனசு வரல, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டு ஹெல்மெட்டுக்கு போயிட்டேன்.

ஹெல்மெட் பேரு அட்ரியான், அத உருவாக்குன பிரெஞ்சு அதிகாரியோட பேருதான், 1915ல வந்தது. சோத்துக் கிண்ணத்த தொப்பிக்குள்ள வச்சிருந்த ஒரு சிப்பாய் தலைல அடி பட்டும் பொழச்சான், அதுலேந்துதான் அட்ரியானுக்கு ஐடியா வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு, உண்மையோ பொய்யோ கேக்க நல்லா இருக்கு. பிரிட்டிஷ்காரங்க ஹெல்மெட் சோத்து தட்ட கவுத்த மாதிரி ஒரே தகடு, இது அப்படி இல்ல, குண்டா ஒண்ணு, முன்னாடி விளிம்பு, பின்னாடி விளிம்பு, நடு உச்சில சேவல் கொண்ட மாதிரி ஒரு முகடுன்னு நாலஞ்சு பீஸ் சேத்து செஞ்சது. சிற்பம் பண்றவனுக்கு இது வரம், ஒரு நாளைக்கு ஒரு பீஸ் போட்டா போதும். மண்டை மேல ரெண்டு மில்லிமீட்டர் தடிக்கு புட்டி போத்தி, காஞ்சதும் 400 உப்பு காகிதத்தால தண்ணில தேய்ச்சேன். இந்த எடத்துலதான் மில்லிபுட் காசுக்கு வேல செய்யுது, தேய்க்கலாம், சீவலாம், ஓட்ட போடலாம், இரும்பு மாதிரி வழவழன்னு வந்துடும். கிரீன் ஸ்டஃப்னு இன்னொரு ஈபாக்ஸி புட்டி இருக்கு, அதுல இது நடக்காது, அது ரப்பர் மாதிரி, தேய்ச்சா பிசிறு பிசிறா எழும்பும். முகட்டுக்கு கீழ இருக்கற காத்து ஓட்டைக்கு ஊசிய சூடு பண்ணி குத்துனேன்.

முன்னாடி பேட்ஜு. சாதா காலாட்படைக்கு தீ எரியற குண்டும் ஆர்எஃப்ன்ற எழுத்தும் (பிரெஞ்சு குடியரசுன்னு அர்த்தம்), பீரங்கிக்காரங்களுக்கு குறுக்கு பீரங்கி, காலனி படைக்கு நங்கூரம். கடற்கரை ஊர்க்காரன், நான் நங்கூரம்தான் போடுவேன். நெஜத்துல ஒரு உள்ளங்கை அகலம் கூட இருக்காது, 1/10ல சின்ன வெரல் நகத்துல பாதி. மூணு தடவ செஞ்சி மூணு தடவயும் நங்கூரம் மீன்முள்ளு மாதிரி வந்துச்சு, நாலாவது ஓகே. துணி உறை போட்ட ஹெல்மெட்டா செஞ்சா பேட்ஜுலேந்து தப்பிச்சிருக்கலாம், அந்த மாதிரி உறை இருந்துச்சு, அழுக்கு துணி காயத்துக்குள்ள போய் சீழ் புடிக்குதுன்னு அப்புறம் எடுத்துட்டாங்க.

மோவாக்கட்டை பட்டைலதான் மில்லிபுட் கைய விரிச்சிடும். மெல்லிசா தேய்ச்சி பட்டையா வெட்டி வளைச்சா முறிஞ்சி போவும், அதோட குணம் அது. இங்க கிரீன் ஸ்டஃப்ப பாதிக்கு பாதி கலந்தேன். கிரீன் ஸ்டஃப் நீலமும் மஞ்சளும் ஒட்டுன ரிப்பன் மாதிரி வரும், ரெண்டும் தொட்டுகிட்டு இருக்கற நடுக்கோடு வரும்போதே கெட்டியாயிருக்கும், அத பிளேடால சீவி தூக்கி போட்டுட்டுதான் பெசையணும், இல்லன்னா மொகத்துல பரு மாதிரி கட்டி கட்டியா நிக்கும். கலந்தத பவுடர் போட்ட ரெண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவுல வச்சி பாட்டிலால உருட்டுனேன், சப்பாத்தி மாதிரி. ஒன்ற மணி நேரம் விட்டு ஒன்ற மில்லிமீட்டர் பட்டையா வெட்டி கன்னத்து வழியா எறக்குனா நெஜ தோல் வார் மாதிரியே வளைஞ்சி ஒக்காந்துது. ரெண்டயும் கலந்து யூஸ் பண்றது என் கண்டுபிடிப்பு இல்ல, இந்த ஃபீல்டுல எல்லாரும் பண்றதுதான், ஆனா ஒண்ணே ஒண்ணு வாங்க காசு இருந்தா மில்லிபுட்ட வாங்குங்க.

மீசையும் கோட்டும் சீக்கிரம் முடிஞ்சிது. மீசைக்கு ரெண்டு குட்டி கொழுக்கட்ட, தோல் பதம் வந்தப்பறம் ஊசி. கோட்டு காலர் தடிமனா, கசங்குன மாதிரி. சண்ட ஆரம்பத்துல செவப்பு பேன்ட்டோட நின்ன ஆளுங்களுக்கு அப்புறம் குடுத்த அடிவான நீலக் கலர், 1914ல அந்த கோட்டுக்கு ஒரு மாடல் போட்டு குடுத்தது பால் ப்வாரேன்னு பாரிஸ் ஃபேஷன் டிசைனர், பொம்பளைங்க கவுனு தைக்கறவரு. கோட்டுலதான் ஒரு கூத்து பண்ணேன். புட்டி டூல்ல ஒட்டுதேன்னு தண்ணிக்கு பதிலா தேங்கா எண்ண தொட்டேன், வெண்ண மாதிரி வழுக்குச்சி, அடடான்னு சந்தோஷப்பட்டேன். மறுநாள் அதுக்கு மேல பட்டன் வச்சா ஒண்ணு கூட நிக்கல, பல்லு விழுந்த மாதிரி ஒண்ணொண்ணா உதிருது. சோப்பு போட்டு டூத் பிரஷ்ஷால தேய்ச்சி, மேல லேசா கீறிவிட்டு, திரும்ப வச்சேன். தண்ணிய விட்டு எண்ணைக்கு போவாதீங்க.

வாங்கும்போது ஒரு விஷயம். ரெண்டாவது பாக்கெட்ட ஒரு ஆன்லைன் கடைல கம்மி வெலைக்கு போட்டிருக்கான்னு வாங்குனேன், பேரு வேணாம். வந்தது எந்த காலத்து ஸ்டாக்கோ, ஒரு குச்சி மேல பூரா ஏடு கட்டி காஞ்சி போயிருந்துச்சு, பெசைய பெசைய ரவை ரவையா கைல தட்டுது. போன் பண்ணா எடுக்கல, மெயில் போட்டா தொறந்த பாக்கெட் ரிட்டர்ன் இல்லன்னு ஒத்த வரி. தொறக்காம எப்படிப்பா தெரியும்? மேல் தோல சீவிட்டு உள்ள இருந்தத அடிப்பீடத்துக்கு யூஸ் பண்ணி தீத்தேன். புதுசு வாங்குனா கவர மேலால அமுக்கி பாருங்க, லேசா குழியணும். ஆரம்பிச்ச குச்சிங்கள தனித்தனியா கவர்ல சுத்தி, காத்து போவாத டப்பால போட்டு, பிரிட்ஜுல வச்சா ரொம்ப நாள் வரும், ஆனா சாப்பாட்டு பொருளுக்கு பக்கத்துல வேணாம், எங்க வீட்ல ஒருநாள் பெருங்காயம்னு எடுத்துட்டாங்க.

நுணுக்கத்துல சூப்பர்ஃபைன் ஒயிட் ஒரு படி மேலதான், ஸ்டாண்டர்டுல கொஞ்சம் சொரசொரப்பு இருக்கு, கண் ஓரம், உதடு மாதிரி எடத்துல கூர்ந்து பாத்தா தெரியும், பிரைமர் அடிச்சி லேசா தேய்ச்சா போயிடும். மொத்த பஸ்ட்டுக்கும் நல்ல பாக்கெட்டுல பாதிக்கு கொஞ்சம் மேல ஆச்சு, தூக்கி போட்ட ரெண்டு தலையோட சேத்து. ஒரே ஒக்காரல்ல முடிக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு இது எரிச்சல் தரும். ஆபீஸ் முடிஞ்சி வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஒக்காந்து, ஒரு காது, ஒரு பட்டன், ஒரு இமைன்னு செய்யறவனுக்கு இதோட வேகம் அளவெடுத்த மாதிரி இருக்கு.

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு தாத்தாட்ட காட்டுனேன். அவரு சொல்தா, சின்ன வயசுல அல்ஜீரியா போயிட்டு வந்தவரு. எனக்கு அந்த தொங்கிப்போன வலது கண்ணு உறுத்திட்டே இருந்துச்சு, அத மறைக்கற மாதிரியே திருப்பி புடிச்சி காட்டுறேன். அவரு கைல வாங்கி, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, ஜன்னல் வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்தாரு.

"இந்தக் கண்ணு சரியா இருக்குது தம்பி"ன்னாரு. தொங்குன கண்ண காட்டி.

"அது வெயில்ல எளகிடுச்சு தாத்தா, இதான் நல்லா வந்தது"ன்னு எடது கண்ண காட்டுனேன்.

"இதுவா? இவன் என்னா இப்பதான் கல்யாண ஊட்டுக்கு வந்தவன் மாரி முழிச்சினு கீறான்"ன்னு சொல்லி திருப்பி குடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரியே லெக்ரானால எடது இமைய சொரண்டி எடுத்தேன். ஞாயித்துக்கிழம புது நூலு உருட்டி வச்சி, மத்தியானம் ஒரு மணிக்கு மொட்டமாடிக்கு தூக்கிட்டு போய், இந்த தடவ பக்கத்துலயே கொட புடிச்சினு ஒக்காந்துட்டேன், வலது கண்ணு அளவுக்கு எறங்குன ஒடனே நெழலுக்கு எடுத்துடலாம்னு. இருவது நிமிஷம் ஆச்சு.